எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?

எங்கள் நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. லாஸ்பேட்டைக் கிளைக்கு நூலகராக நான் வந்து சேர்ந்த காலையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். அட்டெண்டர் முந்தின நாள் பொன்மொழியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பலகை காயும்வரை சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அன்றைய பொன்மொழியை எழுதினார். கீழே சொன்னவர் பெயர். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். பொன்மொழிக்குப் பக்க எண் போட்ட பலகை புதுச்சேரியிலேயே அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அவர் முதலியார்பேட்டைக்காரர். மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியபின் தினக்கூலியாக எங்கள் துறைக்கு வந்து, பல வருடம் கழித்து நிரந்தரமானவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். வாசகர் யாராவது ஒரு வரியைக் கொண்டுவந்து பலகையில் எழுதச் சொன்னால், "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் எவ்வளவு அழகான வரியும் பலகை ஏறாது. நானோ தினமும் காலை வணக்கப் படம் செய்து பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறவள். அவருடைய கெடுபிடி எனக்கு அலுப்பாக இருந்தது. "நல்ல விஷயத்த யார் சொன்னா என்னண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்ப பேரே போடாதீங்க மேடம். போட்டா சரியாப் போடணும்" என்றார். ஆனாலும் நான் திருந்தவில்லை.

ஒருநாள் பலகையில் வரி மட்டும் இருந்தது, கீழே ஒன்றுமில்லை. 'வேலை மனிதனை விட்டுவிடுகிறது. மனிதனால்தான் வேலையை விட முடிவதில்லை.' யாருடையது என்று கேட்டேன். மனிதர் வெட்கப்பட்டார். "மில்லு மூடி இத்தினி வருஷம் ஆவுது. இன்னும் சங்கு ஊதற நேரத்துக்கு முழிப்பு வந்துடுது மேடம். பாயில உக்காந்துகினு இருந்தப்ப தோணிச்சி." பெயரைப் போட்டால் என்ன என்றேன். "அட்டெண்டர் பேரப் பாத்தா எவன் படிப்பான்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மதியம், உதயசூரியனும் கடலும் உள்ள ஒரு படத்தில் அந்த வரியைப் போட்டு, கீழே ஒரு பெரிய தலைவரின் பெயரையும் முகத்தையும் வைத்தேன். அவர் சொல்லக்கூடிய பேச்சுத்தானே என்று சமாதானம். சாயங்காலத்துக்குள் அது கடலூரிலிருக்கும் என் நாத்தனார் வழியாக எனக்கே திரும்பி வந்தது. சில மாதங்களில் தவளக்குப்பம் கூட்ரோட்டில் ஒரு பேனரில் பார்த்தேன். பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அட்டெண்டரிடம் பட்டன் போன். அவருக்கு எதுவும் தெரியாது.

அவருடைய பணி நிறைவு விழாவில்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது, உண்மையைத் தவிர. சால்வையோடு மைக்கைப் பிடித்தவர், இத்தனை வருடத்தில் சொந்தமாக ஒரே ஒரு வரிதான் எழுதினேன் என்று சொல்லி அந்த வரியைச் சொன்னார். மேடையிலிருந்த பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினார். "ஐயா, இது தலைவர் சொன்னது. நூலகத்துல இருந்துகிட்டு நீங்களே சொந்தச் சரக்குன்னு சொல்லலாமா?" கூடம் சிரித்தது. அட்டெண்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். என் கடல், என் சூரியன். "மன்னிச்சிக்கணும்" என்று மைக்கிலேயே சொன்னார். முன்வரிசையில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது நாற்காலியில் நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். நூலகரே பொய்ப் பெயர் போட்டாள் என்று அந்த அதிகாரி மேலிடத்துக்கு எழுதிவிடுவாரோ என்ற பயம். பயந்தேன், அவ்வளவுதான்.

மறுவாரம் அவர் வாசகராக வந்தார். தலைவரின் பேச்சுத் தொகுதிகளைக் கேட்டார். "எங்கியோ படிச்சிருக்கணும் மேடம். மறந்துட்டு, என்னுதுன்னு நெனச்சிக்கினேன். அது எந்தப் பக்கம்னு தெரிஞ்சிட்டா நிம்மதி." தினமும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எங்களிடம் இல்லாத தொகுதிகளைத் தலைமை நூலகத்திலிருந்து வரவழைக்க நானே சீட்டு எழுதிக் கொடுத்தேன். எந்தத் தொகுதியிலும் அது இல்லை என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவள், கையெழுத்துப் போட்டேன். கடைசித் தொகுதியை முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். இரண்டு தொகுதி பாக்கியிருக்கும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டார். தன்னைத் திருடன் என்று நம்பியே போனார்.

துக்கம் கேட்கப் போனபோதும் அவர் மனைவியிடம் நான் சொல்லவில்லை. "கடேசி வரிக்கும் அந்தப் பக்கத்ததாம்மா தேடிகினு இருந்தாரு" என்று அந்த அம்மா சொன்னபோது, எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அலமாரிகளுக்குப் பின்னால் கிடந்த பலகையைப் போன வாரம் நானே வெளியே எடுத்தேன். துடைத்து, காயும்வரை காத்திருந்து, அந்த வரியை எழுதினேன். கீழே அவருடைய முழுப் பெயரை எழுதினேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண் பலகையைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள். "மேடம், பேரு தப்பா இருக்கு. செக் பண்ணிட்டேன். எல்லா சைட்லயும் தலைவர் பேருதான் வருது. ஏஐகிட்ட கேட்டாலும் அதையேதான் சொல்லுது." மரியாதையாகத்தான் சொன்னாள். அந்தப் பெயரைப் போட்டது நான்தான் என்றேன். முதன்முதலாக ஒருவரிடம், அதுவும் முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம், முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். வாசல் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சரி மேடம். ஆனா இவர்தான் சொன்னாருன்னு எந்த புக்ல இருக்கு?"

எழுதிய மறுநாளே அவர் தன் கையாலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்ட வரி அது. காட்டுவதற்கு என்னிடம் பக்கம் எதுவும் இல்லை.