பறக்கும் மீனும் என் மீசையும்

மகன் வீட்டில் கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்தால் போதும், மின்விசிறிக்குப் பக்கத்தில் நட்சத்திரங்களைக் கோடு போட்டுக் காட்டுகிறது. பட்டப்பகலில், கூரைக்கு உள்ளிருந்தே! தெற்குப் பக்கம் திருப்பினேன். ‘பறக்கும் மீன்’ என்று எழுதி, அழகாகச் சிறகும் வரைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மீனுக்காக நான் மீசையைப் பணயம் வைத்தவனாக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழைய நட்சத்திரப் படம் ஒன்றை விரித்து, “பறக்கும் மீனோட இந்த ஆறு நட்சத்திரமும் நம்ம ஊர்லயிருந்து தெரியும்” என்று ஆசிரியர் அறையில் அளந்துவிட்டேன். வரலாறு நடத்திய சங்கரலிங்கம் அண்ணாச்சி பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“அது வெள்ளக்காரன் கப்பல்ல போயி பாத்ததுவே. இங்கன எப்படித் தெரியும்?”

பேச்சு வளர்ந்து பந்தயமாயிற்று. ஆறையும் அண்ணாச்சி தன் கண்ணால் எண்ண வேண்டும். எண்ணிவிட்டால் காலைப் பிரார்த்தனையில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வார். இல்லாவிட்டால் பங்குனி உத்திரத்தன்று நான் மீசையை எடுக்க வேண்டும். சித்திரையில் எனக்குக் கல்யாணம். மீசையோடு எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் பெண் சம்மதித்திருந்தாள்.

தென்காசிக்காரனுக்கு நல்லது எதுவானாலும் குற்றாலத்தில்தான் இருக்க வேண்டும். நானும் அண்ணாச்சியைக் குற்றாலத்துக்கே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். பங்குனி வெயிலில் அருவி நூலாக வடிந்துகொண்டிருந்தது. இருட்டியதும் தெற்கே பார்த்தால் மலை! வானம் இருக்க வேண்டிய இடமெல்லாம் மலை. அண்ணாச்சி என் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல மீசைதான், பாவம்” என்றார்.

என் சிநேகிதன் மைதீன் தறி நெய்கிறவன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “ஏ வாத்தியாரே, மலைக்கிட்டப் போயி நின்னா வானம் தெரியுமா? நாங்க பிறை பாக்க மலைய விட்டு வெலகிப் போவோம்லா!”

மூன்றாம் நாள் அமாவாசை. அன்றைக்கு விட்டால் வளர்பிறை வெளிச்சம் வந்துவிடும். மூன்று சைக்கிள்களில் சுரண்டை ரோட்டில் போய், மைதீன் வழக்கமாகப் பிறை பார்க்கும் குளத்தங்கரையில் ஏறினோம். அங்கே தெற்கே வயலும் வானமும்தான். அவன் சைக்கிள்களின் மண்ணெண்ணெய் விளக்குகளை ஊதி அணைத்தான். அண்ணாச்சி தீப்பெட்டியை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டான்.

“தீக்குச்சி வெளிச்சம் பட்டா கண்ணு பழகாது. அரை மணி நேரம் பொறுங்க.”

பீடி இல்லாத அரை மணி நேரம்! அண்ணாச்சி என்னைத் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது. மணி ஏழே முக்கால் ஆனது. தென்வானத்திலேயே பிரகாசமான அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. அதிலிருந்து இடது பக்கம் கீழே, அடிவானத்துக்கு மேலே தனியாக மின்னும் இன்னொன்றுக்குக் கையால் கோடு காட்டினேன். “அந்தக் கோட்டுக்குக் கீழ பாருங்க.”

“ஒண்ணுமில்லவே.”

“நேரா முறைக்காதீய அண்ணாச்சி. பிறையும் இப்படித்தான். கொஞ்சம் பக்கத்துல பாருங்க, அது தானா கண்ணுல வந்து நிக்கும்” என்றான் மைதீன்.

அண்ணாச்சி பார்வையைச் சற்றே விலக்கினார். பிறகு “ரெண்டு” என்றார். “மூணு... நாலு.” ஐந்துக்கு வெகுநேரம் ஆயிற்று. என் கை தானாக மீசைக்குப் போயிருந்தது. ஆறாவது எல்லாவற்றுக்கும் கீழே, புழுதிப் படலத்தை ஒட்டிக் கிடந்தது. எனக்கே அது விட்டுவிட்டுத்தான் தெரிந்தது.

“ஏலே, ஆறு! ஆறுலே!” அண்ணாச்சி கரையில் குதித்த குதியில் வேட்டி அவிழ்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அவரைத் தூக்கிச் சுற்றினோம். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை, என் மனைவி மன்னிக்கட்டும். மறுநாள் பிரார்த்தனையில் அண்ணாச்சி, “என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று மார்தட்டிச் சொன்னார். ஏதோ அவர்தான் கண்டுபிடித்த மாதிரி!

போன பங்குனியில் அதே கரைக்குப் போனேன். அடிவானம் முழுக்க மஞ்சள் விளக்கு. அகத்தியர் நட்சத்திரமே மங்கலாக நின்றது. மைதீனும் போய்விட்டான், அண்ணாச்சியும் போய்விட்டார். துணைக்கு வந்த ஆட்டோக்காரத் தம்பியிடம், “இங்கனதான் ஆறு நட்சத்திரம் பாத்தோம்” என்றேன். “சரிங்க ஐயா” என்றான். உடனே ஒப்புக்கொண்டுவிட்டான். ‘பொய் சொல்லுதீரு’ என்று சண்டைக்கு வர ஓர் ஆள் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.