வீடியோவில் கேட்கும் என் சிரிப்பு

பல நாட்டுக் கைக்குழந்தைகள் வளரும் விதம் பற்றிய ஆவணப்படத்தை நானும் மனைவியும் பார்த்தோம். புல்வெளியில் தன்போக்கில் தவழ்ந்த ஒரு குழந்தை என்னை மயக்கிவிட்டது.

மறுநாள் எட்டயபுரம் பக்கம் எங்கள் கரிசல் காட்டில், தவழத் தொடங்கியிருந்த மகளை வெறுந்தரையில் விட்டு செல்போனில் படமெடுத்தேன். அவள் எதையோ எடுத்து வாயில் வைத்தாள். மண்தானே என்று சிரித்துக்கொண்டே படமெடுப்பதைத் தொடர்ந்தேன். உளுந்து பறித்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்து அவள் வாய்க்குள் விரலை விட்டு வெளியே எடுத்தது, கருவேல முள். மகளின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"படம் புடிக்கிறவன் வேற, தகப்பன் வேற. இங்கன நீங்க யாரா நிக்கீங்க?" என்றாள்.

இப்போது மகளோடு இருக்கும்போது போன் வண்டிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்த வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. அவள் அழத் தொடங்கிய பிறகும் அதில் என் சிரிப்பு கேட்கிறது.