முந்திரித் தோப்பில் மலேசியா மாமா

1998-ஆம் வருடம், ஆடி மாதம். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தோடு இருந்தது. செந்துறைப் பக்கம் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கல்யாணப் பெண் பட்டுப்புடவையை நினைத்துத் தூக்கம் கெடுவாள் என்பார்கள். எனக்கோ தூக்கம் கெட்டது ஒரு விசாவை நினைத்து!

விசா எனக்கில்லை, என் தாய்மாமாவுக்கு. அம்மா தொட்டில் குழந்தையாக இருந்தபோது, தாத்தா மூத்த பையனை மட்டும் கூட்டிக்கொண்டு மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார். அப்புறம் திரும்பவே இல்லை. பையன் அங்கேயே வளர்ந்து, லாரி ஓட்டி, கல்யாணம் கட்டி, அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டார். அம்மாவுக்கு அண்ணன் என்றால் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோதான். எனக்குக் காது குத்தியபோதும், மஞ்சள் நீராட்டியபோதும், தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர்தான் நின்றார். இரண்டு முறையும் அம்மா சமையல்கட்டுக்குள் போய் அழுதுவிட்டு வந்தது எனக்குத் தெரியும். "இவ கல்யாணத்துக்காவது நீ வந்து தாய்மாமனா நின்னு நெத்தியில பட்டம் கட்டணும்ண்ணே" என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக என்னை எழுத வைத்தார்.

மாமா வந்தேவிட்டார். பூப்போட்ட சட்டையும் பெரிய பெட்டியுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கியவரை, அம்மா கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமா ஆனி மாத முகூர்த்தத்தைக் கணக்குப் போட்டுச் சுற்றுலா விசா வாங்கியிருந்தார். ஆனால் அவர் வந்த வாரமே மாப்பிள்ளையின் பங்காளி ஒருவர் தவறிப்போக, கல்யாணம் தள்ளிப்போனது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். அடுத்த முகூர்த்தம் ஆவணியில். மாமாவின் விசாவோ ஆடிக் கடைசியில் முடிகிறது. நாள் குறித்த ஐயருக்கு விசா தெரியாது, விசா கொடுத்தவர்களுக்கு ஆடி தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள்.

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனது நான் ஒருத்திதான். அதனால் மாமாவை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் போலீஸ் அதிகாரி அலுவலகத்துக்கு நானே போனேன். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த அதிகாரி, "மனு எழுதிக் கொடுங்க. இந்த விலாசத்துலதான் இவர் தங்கியிருக்கார்னு உங்க ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் வரட்டும். மேல அனுப்பறோம்" என்றார். அவ்வளவுதானா! திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை, அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் மாமாதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். "இமிகிரேசன் ஆளு வந்து என்னைப் பாக்கும்லா, நீ ஒண்ணும் பயப்படாத." அவர் நாட்டு வழக்கத்தில் அவர் சொன்னது சரிதான். அம்மா புரிந்துகொண்டதோ, டை கட்டி ஷூ போட்ட ஒரு பெரிய அதிகாரி காரில் வருவார் என்று. வாத்தியார் வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வந்தது. குடிப்பதற்குக் கலர் பாட்டில்கூட வாங்கி வைத்தார்கள். தெருவே காருக்காகக் காத்திருந்தது. யார் வந்து பார்த்தால் என்ன என்று நானும் அதைத் திருத்தவில்லை.

நான் ரவிக்கை தைக்கக் கொடுக்க அரியலூர் போயிருந்த ஒருநாள், ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வரப்புச் சண்டை, வாய்ச் சண்டை என்று ஆயிரம் இருக்கும், ஒருவருக்கொருவர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் காக்கிச் சட்டை வந்து யாரையாவது கேட்டால் மட்டும் ஊர் மொத்தத்துக்கும் ஒரே பதில்தான்: "இல்லீங்க."

தெரு முனையில் இருந்தவரிடம் போலீஸ்காரர், மலேசியாக்காரர் இங்கே தங்கியிருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். "அப்படி யாரும் இல்லீங்களே." அடுத்த வீட்டிலும் அதே. டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "மலேசியாவா? அது எந்தப் பக்கம் சார்?" என்றாராம். அதற்குள் இரண்டு பேர் கொல்லைப்பக்கமாக ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவை எழுப்பியிருக்கிறார்கள். "பாஸ்போட்டு சரியா இருக்குலா, நான் ஏன் ஓடணும்?" என்று அவர் கேட்கக் கேட்க, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், வாங்க மாமா" என்று எச்சில் கையோடு முந்திரித் தோப்புக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

கடைசியில் போலீஸ்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பொய்யே பேசத் தெரியாத என் அம்மா, "எனக்கு அண்ணனே கெடையாதுங்க" என்றார். உள்ளே சுவரில் போட்டோவுக்குள் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்!

மதியம் பஸ்ஸை விட்டு நான் இறங்கியதும், "ஒன் மாமனைக் காப்பாத்திட்டோம்ல!" என்று தெருவே என்னைச் சூழ்ந்துகொண்டது. "ஐயோ, வந்தவருதான் விசாவுக்கு விசாரிக்க வந்தவரு! மாமா இங்க இருக்காருன்னு அவர் எழுதினாத்தான் மாமா இருக்க முடியும்!" என்று கத்தினேன். அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "என் வாயாலயே அண்ணன் இல்லேன்னு சொல்லிட்டேனே" என்று அவர் அழுததைக் கேட்க முடியவில்லை.

அடுத்த கால் மணி நேரத்தில் எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டு டிராக்டர், எரு அடித்த டிரெய்லரோடு தோப்புக்குப் பறந்தது. மாமா ஒரு மரத்தடியில் காவலுக்கு ஆளோடு உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் முந்திரிச் சருகு. அவரை நடுவில் ஏற்றி, இல்லை என்று சொன்ன அத்தனை பேரும் சுற்றி ஏறிக்கொண்டார்கள். முதலில் ஏறியவர் டீக்கடைக்காரர், கடையை அப்படியே போட்டுவிட்டு!

டிராக்டர் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றதும் உள்ளே இருந்த ஏட்டு பதறி வெளியே வந்தார். "என்னய்யா, மறியலா?" என்றார். அம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனார். அதுவரை ஸ்டேஷன் பக்கமே போகாதவர். "பொய் சொன்னவ நாந்தாங்க. என்னை வேணா உள்ள வைங்க. எங்கண்ணனை மட்டும் அனுப்பிடாதீங்க."

காலையில் வந்த போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இல்லாத ஆளுக்காக ஒரு தெருவே இப்படி அடிச்சுப் பேசுமாம்மா? கொடியில காஞ்சுதே ஒரு பூப்போட்ட சட்டை, அது யாருது? நாளைக்கு மறுபடி வரலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

நான் கையோடு எடுத்துப் போயிருந்த பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். போட்டோவையும் சருகு ஒட்டிய மாமாவின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் கிண்டலாகவே, "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க, இவரு யாரு?" என்றார்.

"எங்க ஊர்க்காரரு சார்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஊர்க்காரருக்கு எதுக்குய்யா விசா?" என்றார் அவர். ஏட்டு முதற்கொண்டு எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட் போனது. ஆனாலும் அனுமதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி முடியப்போகிற சமயத்தில் பெரம்பலூரில் அந்த முத்திரையைப் பாஸ்போர்ட்டில் பார்த்ததும், அலுவலகம் என்றும் பாராமல் மாமாவைக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். தெரு முனையிலேயே கையை உயர்த்திக் காட்டினேன். அம்மா ஓடி வந்தார். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆவணி முகூர்த்தத்தில் மாமா எனக்குப் பட்டம் கட்டினார். நெற்றியில் முடிச்சைச் சரிசெய்வதுபோல் குனிந்து என் காதில் மட்டும் சொன்னார். "சின்ன வயசுல இந்த ஊரை விட்டுப் போனவன். இங்க நான் யாருன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். அந்தத் தோப்புல உக்காந்திருந்தப்பதான் தெரிஞ்சுச்சு, என்னையும் ஒளிச்சு வைக்க ஒரு ஊரு இருக்குலா."

அதற்கப்புறம் என் பிள்ளைகள்கூட வெளிநாடு போய் வந்துவிட்டார்கள், எத்தனையோ முத்திரைகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் விசா என்ற சொல் காதில் விழுந்தால் அந்த டிராக்டர் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. மாமா தங்கிக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுப்பதற்கு முன்பே, எச்சில் கையோடு அவரைத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு ஓடியபோதே, என் ஊர் அதைக் கொடுத்துவிட்டது.