காரை மகளின் பேரில் எழுதவில்லை

முருகன் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். என் மடத்தனமும் இதில் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இணுவிலில் ஒரு கல்யாண வீட்டில் பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டு என் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒழுங்கைக்குள்ளிருந்து பாய்ந்து வந்த மோட்டார் சைக்கிளுக்கு விலத்தப் போய், தெரு ஓரமாகச் சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டேன். பெயர் வதனி. கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளைத் தையல் வேலை செய்து வளர்ப்பவள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

காருக்குக் காப்புறுதி இல்லை. வியாழனோடு முடிந்திருந்தது. வெள்ளி அட்டமி, சனி நவமி, ஞாயிறு இன்சூரன்ஸ் கந்தோர் பூட்டு. திங்கள் நல்ல நேரத்தில் கட்டுவோம் என்று தள்ளிவைத்தேன்.

"இண்டைக்கே கட்டிப்போட்டு வாங்கோவன். இன்சூரன்ஸ்காரருக்கு அட்டமி நவமி தெரியுமே?" என்று மனைவி வியாழக்கிழமையே சொன்னாள். நான் அவளுக்குச் சாத்திரம் படிப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வாடகை ஓட்டத்தை விடவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். பழைய ஒஸ்ரின். சண்டைக் காலத்தில் பெற்றோல் தட்டுப்பாடு; ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பின்னால் கரும்புகை, உள்ளே பத்துப் பேர். தாலி கட்டி மனைவியை அழைத்து வந்ததும் அதில்தான். நடுவழியில் அது நின்றுவிட, பட்டுச் சேலையோடு இறங்கித் தள்ளினாள். "முதல் நாளே தள்ள வைச்ச மனிசன்" என்று இன்றும் சொல்லிக் காட்டுவாள். மகளைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே பின் சீற்றில்தான். மண்ணெண்ணெயும் கல்யாண மாலையும் கலந்த அந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்போது கையில் ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் எவ்வளவு சிரித்தோம்.

வதனியின் சத்திரசிகிச்சைக்கு வட்டிக்குக் கடன் வாங்கினேன். பொலிஸ், கோட்டு வழக்கு, தண்டம் எல்லாம் வேறு. உழைப்பில்லாமல் போன மாதங்களுக்கு அவள் நட்டஈடு கேட்க, விஷயம் மத்தியஸ்த சபைக்கு வந்தது. என் பென்சன் வட்டிக்கே காணாது.

மனைவியின் தம்பிதான் வழி சொன்னான். "அத்தான், காரைப் பிள்ளையின்ரை பேரிலை எழுதிவிடுங்கோ. பிறகு சபையிலை, நான் வங்குரோத்து, என்னட்டை ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. என்ன செய்யப்போகினம்?"

பத்திரம் தயாரானது. கையெழுத்து மட்டும் மிச்சம். வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போய், "முருகா, காரைக் காப்பாற்று, என்னைத் தப்பவை" என்று கும்பிட்டேன். மனம் ஆறவில்லை.

சபை கூடுவதற்கு முதல் நாள், தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வதனி வீட்டுக்குப் போனேன். தையல் மிசினைப் பழைய சேலையால் மூடி வைத்திருந்தாள்.

"காலாலை மிதிக்க ஏலாது ஐயா. பாத்தால் அழுகை வரும், அதுதான் மூடிவைச்சனான்" என்றாள். மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வந்த விஷயத்தைச் சொல்லாமலே எழும்பி வந்தேன்.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். அன்று என் வாயில் வேறு வேண்டுதல் வந்தது. "முருகா, வதனிப் பிள்ளை எழும்பி நடக்க வேணும். நாளைக்கு நான் பொய் சொல்லக் கூடாது." மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று தேம்பி அழுதேன். இடித்த நாளிலிருந்து அவளுக்காக நான் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் சபை. "ஐயா, உங்களிட்டை என்ன இருக்கு?" என்று தலைவர் கேட்டார். பக்கத்திலிருந்த மனைவியின் தம்பி முழங்கையால் இடித்தான்.

"ஒரு கார் இருக்கு. அதை விக்கிறன். மிச்சத்துக்குத் தவணை தாங்கோ" என்றேன்.

வதனி, "ஐயா ஒளிக்காமல் சொல்லிப்போட்டார். எனக்குக் கேட்ட காசு முழுக்க வேண்டாம். மிசினுக்கு ஒரு மோட்டர் பூட்டித் தந்தால் மிதியாமலே தைப்பன். பாதி போதும்" என்றாள். இரண்டு வருடத் தவணை, வட்டி இல்லை என்று எழுதினார்கள்.

இரண்டு கிழமைக்குள் காருக்கு ஆள் வந்தது. நான் கேட்க நினைத்ததைவிடக் கூடிய விலையை அவரே சொன்னார். ஆஸ்பத்திரிக் கடன் அடைந்தது, மோட்டரும் வாங்கினேன். கார் படலையைத் தாண்டிப் போனபோது மனைவி அதற்குத் திருநீறு பூசிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தெருவிலேயே நின்றேன். இது என் வேண்டுதலுக்கு வந்த பதில்தான், ஆனால் வலித்தது.

மாதம் தவறாமல் பஸ்ஸில் போய்த் தவணையைக் கொடுத்தேன். போன தையில் கடைசித் தவணை. வதனி தானே நடந்து வந்து படலையைத் திறந்தாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் தடி இல்லை. உள்ளே மிசின் மோட்டரோடு ஓடிக்கொண்டிருந்தது. காசை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"காசு முடிஞ்சுது எண்டு வராமல் விட்டிடாதையுங்கோ ஐயா. பிள்ளையள் தேடுவினம்."

கடனுக்குப் பயந்து ஒளிக்க இடம் தேடுகிறவர்கள் உங்களுக்குள் யாராவது இருக்கலாம். முருகனிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு, கொடுக்க வேண்டியவரின் வீட்டுக்கும் நேரே போய் அதையே சொல்லுங்கள். அவன் அங்கேயும் இருப்பான்.