போத்தனூரில் பிரியும் தண்டவாளம்

பெரியப்பாவின் துணி ஒட்டிய பழைய வரைபடத்தை விரித்தால் கற்பூரமும் பெட்ரோலும் கலந்த வாடை மூக்கில் ஏறும். வீட்டில் அதற்கு "மேப்பு" என்று பெயர். இளவயதில் ஒற்றை இன்ஜின் விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து கொச்சிக்குப் பறந்தவர் அவர். ஒரு திசைகாட்டியும் கைக்கடிகாரமும் தவிர வேறு துணையில்லாத அந்த நாளில், கீழே தெரியும் குளங்களையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் வழி பிடிப்பார்களாம். போத்தனூரில் தண்டவாளம் பிரியும். மேற்கே போவது பாலக்காட்டுக் கணவாய்க்கு, தெற்கே போவது பொள்ளாச்சிக்கு, அதற்கப்பால் ஆனைமலை. "மேகம் எறங்குன நாள்ல அங்க தப்புனா முடிஞ்சுது" என்பார்.

தொண்ணூறுகளில், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்தின் ஆடி மாதம், உடுமலைப்பேட்டையிலிருந்து கமலம்மா வந்தார். அவர் கணவர் துரைசாமி, பெரியப்பாவோடு தபால் விமானம் ஓட்டிய நண்பர். இருவரும் முன்னும் பின்னுமாகக் கிளம்பிய ஒரு மழைநாளில் ஆனைமலையில் மோதி இறந்தவர். மேகத்தில் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் பெரியப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"ஏனுங்ணா, அவரு எந்த எடத்துல வழி மாறுனாரு? எனக்கும் வயசாச்சுங்க. தெரிஞ்சுக்கறனே."

பெரியப்பா என்னை மேப்பு எடுத்துவரச் சொல்லி, போத்தனூர் மேல் விரலை வைத்தார்.

"இங்கதான் அம்மணி. எம்பொறகால வந்தவன் தெக்க திரும்புனான். நான் பாத்தேன்."

டீ கொண்டுவந்த பெரியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரேடியோவுல கூப்புட முடியலீங்களா?"

"ரேடியோ இல்ல. பொறகால போயி றெக்கைய ஆட்டிக் காட்டியிருக்கலாம். கீழ தெரிஞ்ச தண்டவாளத்த உட்டா நானும் தொலைஞ்சுருவேன்னு பயம். போகல. பாக்கவே இல்லீனு பொய் சொல்லிப்போட்டேன்."

கமலம்மா அழவில்லை. தெற்கே போகும் கோட்டை ஆனைமலை வரை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு, "வழி தப்புனது அவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?" என்றார்.

"தெரிஞ்சிருக்காது அம்மணி."

"செரீங்க."

ஆறிப்போன டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அப்புறம் அவர் வரவேயில்லை. அன்று இரவு வழக்கம்போல் சாப்பிட்டோம். நான் வீட்டுப்பாடத்தை முடித்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

இப்போது பெரியப்பா இல்லை. வீட்டை இடித்து அடுக்ககம் கட்டிவிட்டார்கள். மேப்பு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. தண்டவாளத்தைத் தேடிக் கீழே பார்க்க வேண்டிய தேவை இன்றைய விமானிகளுக்கு இல்லை. அந்த நாளுக்குப் பிறகு பதினொரு வருடங்கள் பெரியப்பாவோடு வாழ்ந்தும் அதைப்பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று பெரியம்மா போன வருடம் சொன்னார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.