நேற்று மெம்பராக இருந்தவள்

"நிக்கவே நேரமில்லாதவ, எலெக்‌ஷன்ல நிக்கப் போறாளாம்!"

ரொட்டியக்கா மனு கொடுத்த அன்றைக்குத் தீவு முழுக்க இதே பேச்சு, இதே சிரிப்பு. சிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தீவில் இருப்பது ஒரே ஒரு ரொட்டி அடுப்பு, அது அவளுடையது. விடிவதற்கு முன்னே மாவு பிசைந்து, தகர அச்சுகளில் நிரப்பி, வெந்ததும் தட்டி எடுத்து, கூடையில் அடுக்கி, வீடு வீடாகப் போட்டுவிட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதற்கப்புறம் விறகு. அதற்கப்புறம் வீட்டுக்காரர். இத்தனைக்கும் நடுவே வாய் மட்டும் ஓயாது. ரொட்டி கருகியிருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், "நல்லா வெந்திருக்குன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே சண்டைக்கு நிற்பாள். ஆனால் அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று தெரிந்தால், மறுநாள் முதல் ரொட்டி அங்கேதான் போகும்.

அவளுக்கு மெம்பர் பதவி மேல் ஆசை என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பாலம். அதுவும் பெரிய பாலமில்லை, துறையிலிருந்து போட்டுக்குள் போக ஒரு சின்னப் பாலம்.

அவள் வீட்டுக்காரரைத் தீவில் கயித்துக்காரர் என்பார்கள். பயணிகள் போட்டில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். போட் துறையை நெருங்கும்போது கயிற்றை வீசினால், பார்க்காமலே துறையில் நட்ட கட்டையில் போய் விழும். தள்ளாதவர்களைக் கைபிடித்து இறக்குவார், மூட்டை முடிச்சுகளைத் தோளில் ஏற்றுவார். ஒருநாள் அலை தூக்கிப் போட்டதில் போட்டுக்கும் துறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். கால் இரண்டும் அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சக்கர நாற்காலிதான்.

துறையிலிருந்து போட்டுக்கு ஏற இருப்பது ஒற்றைப் பலகை. பிடிமானம் கிடையாது. நல்லா நடக்கிற ஆளே கையை விரித்துக்கொண்டுதான் ஏறுவார். ஒரு தடவை கயித்துக்காரரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதிப் பலகையில் ஒருத்தன் கால் வழுக்க, இன்னொருத்தன் "ஐயோ, மூட்டை போச்சு!" என்று கத்த, துறையில் நின்ற பாதிக் கூட்டம் சிரித்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பதற்றத்தில் வந்த சிரிப்பு. ஆனால் ஆயிரம் மூட்டை தூக்கிய மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதோடு தீவை விட்டு நகரவில்லை.

மகள் அக்கரையில் இருக்கிறாள். பேரன் பிறந்து இப்போது நடக்கவே ஆரம்பித்துவிட்டான். அந்தப் பலகையில் கைக்குழந்தையோடு இறங்க மகளுக்குப் பயம். தாத்தா பேரனைப் பார்த்ததெல்லாம் செல்போனில்தான். போனை வைத்த பிறகும் அந்தக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ரொட்டியக்காவுக்கு அதைப் பார்த்தால் கோபம் கோபமாக வரும். அந்தக் கோபத்தையெல்லாம் மாவின் மேல் காட்டுவாள், அதனால் அன்றைக்கு ரொட்டி ரொம்ப மிருதுவாக வரும்.

பழைய மெம்பர் மளிகைக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்பார். துறை வேலைக்கென்று வந்த மரமெல்லாம் கவுன்சில் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் சும்மா கிடந்தது. ரொட்டியக்கா போய்ப் போய்க் கேட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒருநாள், "நீங்க பார்த்தது போதும், இனிமே நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நேரே போய் மனுவைக் கொடுத்துவிட்டாள்.

ஓட்டுப் போட்டாயிற்று. பெட்டி அக்கரைக்குப் போயிற்று, எண்ணுவது அங்கேதான். மளிகைக்காரர் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடவே கிளம்பிப் போனார். ரொட்டியக்கா போகவில்லை. அடுப்பை யார் பார்ப்பது?

காற்று பலமாக அடித்தால் தீவில் செல்போன் டவர் படுத்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வாரம் காற்று பேயாய் அடித்தது. அதனால் போட் கேப்டன் போகும்போதே சொல்லிவிட்டுப் போனார்: "ரொட்டியக்கா ஜெயிச்சா போட் கம்பத்துல நீலத் துணி கட்டுறேன். மளிகைக்காரர் ஜெயிச்சா சிவப்பு. தூரத்துல வரும்போதே தெரிஞ்சுக்கலாம்."

மறுநாள் சாயங்காலம் போட் வந்தது. வந்தது என்றால் துறைக்கு வரவில்லை. அலை தூக்கித் தூக்கி அடித்ததில் கிட்ட வர முடியாமல், இரவைக் கழிக்கப் பக்கத்துத் தீவின் மறைவுக்குப் போக, தூரத்திலேயே ஒதுங்கிக் கடந்து போயிற்று. துறையில் கூடி நின்ற கூட்டம் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தது. கம்பத்தில் என்னவோ படபடத்தது.

"ஏங்க, உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை. நல்லா பார்த்துச் சொல்லுங்க, நீலமா?" ரொட்டியக்கா வீட்டுக்காரரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கயித்துக்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நீலம்தான்" என்றார்.

அவ்வளவுதான். துறையே துள்ளிக் குதித்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து, "எனக்கு அப்பவே தெரியும்க்கா!" என்றார்கள். ரொட்டியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குள் ஆளாளுக்குக் குறைகள் கிளம்பிவிட்டன. ஒருத்தருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஒருத்தருக்குத் தெருவிளக்கு எரியவில்லை, ஒருத்தருக்குப் பக்கத்து வீட்டுச் சேவலைக் கட்டிப் போட வேண்டும்.

"எல்லாம் அப்புறம். மொதல்ல பாலம்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கவுன்சில் ஆபீசில் ஒரே ஒரு சிப்பந்தி, சாவிக்காரர். யார் மெம்பரோ அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு எதுவும் அறியாதவர். இடுப்பிலிருந்த கொத்தை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினார். "மெம்பரம்மா, கொட்டகைச் சாவி."

மெம்பரம்மா! அந்தச் சொல்லைக் கேட்டபோது வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

விடிந்தும் விடியாமலும் வேலை தொடங்கியது. தச்சர் வந்தார், அவருடைய மச்சான் வந்தார், கூப்பிட்டவர்களும் வந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்தார்கள். தார்ப்பாயை விலக்கி மரத்தை எடுத்துத் துறைக்குக் கொண்டுபோனார்கள். தச்சர் கணக்குப் போட்டது இப்படி: இரண்டு ஆள் கைகோத்து நடக்கிற அகலத்தில் ஒரு தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, துறைப் பக்கம் இரும்புக் கீல். தண்ணீர் ஏறி இறங்கும்போது போட்டோடு சேர்ந்து பாலமும் ஏறி இறங்கும். சாமான் ஏற்ற வேண்டுமே என்று போட்டின் பக்கக் கதவை அகலமாகத்தான் வைத்திருந்தார்கள், பலகைதான் ஒடுங்கிப் போயிருந்தது. ரொட்டியக்கா அடுப்புக்கும் துறைக்குமாக ஓடினாள். சுட்ட ரொட்டியெல்லாம் அன்றைக்கு வீடுகளுக்குப் போகவில்லை, துறைக்கே போயிற்று. யாரும் கருகல் என்று சொல்லவில்லை.

நடுவில் ஒருமுறை வீட்டுக்கு ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மடியில் பை. அவளுடைய இரண்டு புடவையைக்கூட அதில் மடித்து வைத்திருந்தார்.

"இன்னும் பாலமே முடியல..." என்றாள்.

"முடியுமில்ல?" என்றார் அவர்.

காற்று அடங்கி, மதியத்துக்குள் பாலம் நின்றுவிட்டது. ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் கொஞ்சம் ஆடியது. அப்போதுதான் போட் வந்தது. பக்கக் கதவு திறந்தது, பாலத்தை இறக்கினார்கள், பொருந்திக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

கேப்டன் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "அட, பிரமாதம்! வழி விடுங்க, வழி விடுங்க. நம்ம மெம்பர் வந்திருக்கார்!"

வந்திருக்காரா?

உள்ளேயிருந்து மளிகைக்காரர் வெளியே வந்தார். வாந்தியெடுத்து வெளுத்துப்போன முகம், அதில் ஒரு ஜெயித்த சிரிப்பு. கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

"நீலத் துணி கட்டியிருந்தீங்களே கேப்டன்!" என்று தச்சர் கேட்டார்.

"நானா? சிவப்புத் துணிதான் கட்டினேன், அது பாதிக் கடல்லயே காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவருக்குப் பின்னால் போட் சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "அது வந்து... என் போர்வைங்க. அலையில நனைஞ்சு போச்சு. கம்பம் சும்மா இருந்துச்சு, காயப் போட்டேன்."

ரொட்டியக்காவுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது. ஒரு போர்வையை நம்பி ஊரைக் கூட்டி, கொட்டகையைத் திறந்து, ஊர் மரத்தை அறுத்து ஆணி அடித்தாயிற்று. ஆனாலும் அவள் ஒளிந்துகொள்ளவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்தாள்.

"அண்ணே, நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சு மரத்தை எடுத்துட்டேன். வேற யார் மேலயும் தப்பில்ல. பிரிக்கணும்னா சொல்லுங்க. ஆனா இந்த ஒரு தடவை என் வீட்டுக்காரர் போயிட்டு வந்துடட்டும். அப்புறம் நானே பிரிச்சு அடுக்கி வைக்கிறேன்."

மளிகைக்காரர் பாலத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஓரமாகக் கிடந்த பழைய பலகையைப் பார்த்தார். அவருக்கு உடம்பு பெரிசு, முழங்கால் வலி வேறு. அந்தப் பலகையில் அவர் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகர்வார், துறையில் நிற்கிறவர்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோல நடிப்பார்கள்.

இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு பாலத்தில் காலை வைத்தார். ஒரு அடி. இன்னொரு அடி. நடுவில் நின்று, பாரத்தைக் கொடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். பாலம் அசையவில்லை. நேராக நடந்து, நிமிர்ந்தபடி துறையில் வந்து நின்றார். பிறகு சாவிக்காரரைப் பார்த்து முறைத்தார்.

"யாரைக் கேட்டுய்யா சாவி குடுத்தே?"

"மெம்பரைக் கேட்டுத்தாங்க."

"மெம்பர் நான்தானேய்யா?"

"நேத்து அவங்கதாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மளிகைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்தப் பக்கக் கைப்பிடி ஆடுது. தச்சரே, இன்னொரு ஆணி போடுங்க." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். "நம்ம கவுன்சிலோட மொத வேலையா இதைத்தான் செய்யணும்னு போட்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன்!"

அப்படி ஒரு சிரிப்பை அந்தத் துறை அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

"வழி விடுங்கப்பா, போட் கிளம்பப் போகுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பதினைந்து வருஷம் அந்தத் துறையில் தினமும் கேட்ட குரல். கூட்டம் விலகியது. ஒருத்தர் உதவிக்குக் கை நீட்டினார், கயித்துக்காரர் தலையசைத்து வேண்டாம் என்றார். தன் கையாலேயே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு, மெதுவாகப் பாலத்தில் இறங்கி, போட்டுக்குள் போய்த் திரும்பி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியக்காவுக்குக் கண் மறைத்தது.

"இன்னும் என்ன, வா!" என்றார்.

ஓடிப்போய் ஏறினாள். பாலத்தைத் தூக்கினார்கள். துறையில் நின்ற மளிகைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா, நாளைக்கு ரொட்டிக்கு யாரைக் கேக்கிறது?"

"மெம்பரைக் கேளுங்க!" என்று கத்தினாள்.

தீவு சின்னதாகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏங்க, பதினஞ்சு வருஷம் இதே போட்ல இருந்தீங்க. துணிக்கும் போர்வைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"நீலமான்னு கேட்டே. நீலம்னு சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா! ஊர் முன்னால என் மானம் போச்சு."

"எங்கே போச்சு? துறையில நிக்குதே, ரெண்டு பக்கமும் கைப்பிடியோட."

அடிக்கக் கையை ஓங்கினாள், சிரிப்பு வந்துவிட்டது. அவர் கடலைப் பார்த்தபடி, எதிர்க்காற்றில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அது சரி, எத்தனை ஓட்டுல தோத்தே?"

ரொட்டியக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, கேக்கவே இல்லையே!" என்றாள்.