ஜானி பாஷா மாற்றி ஓட்டிய ரீல்

மத்தியானம் மூன்று நாற்பதுக்கு இருசப்பன் தாலுகா ஆபீசுக்கு வந்தான். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன். என் மேஜைக்கு முன்னால் நின்று, "பாய் போயிட்டாருங்க. ஸ்டூல்ல உக்காந்த மாதிரியே" என்றான். எந்த பாய் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். நாற்பத்தெட்டு வயது. நேற்று என்னோடு டீ குடித்தவர்.

ஜானி பாஷா இருபத்திரண்டு வருஷம் அந்தத் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். எந்தப் படத்தையும் ஹாலில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சுவரிலிருக்கும் சதுர ஓட்டை வழியாகத்தான். அவருக்குப் பிடித்தது ஒரே படம். பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம், பதினான்கு ரீல். பங்களாவில் தனியாக இருக்கும் பெண்ணைக் கொல்ல வருகிறவன் யார் என்பது பதின்மூன்றாம் ரீல் வரை தெரியாது.

"பாட்டு கம்மி, நெழலு ஜாஸ்தி. மாடிப்படியில நெழலு மட்டும் எறங்கும் பாரு, ஆளு வரமாட்டான். அங்க எனக்கே கை ஜில்லுனு ஆயிடும்" என்பார்.

எழுபத்தேழில், தீபத்தன்று, மலை சுற்றி வந்த கூட்டத்துக்காக அந்தப் படத்தை ஒரே ஒரு காட்சி போட்டார்கள். முந்தைய ஊரில் யாரோ ரீல்களை டப்பா மாற்றி வைத்திருந்தார்கள். எப்போதும் ஃபிலிம் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டுகிற பாய், அன்று அவசரத்தில் பார்க்கவில்லை. பன்னிரண்டுக்கு முன்னால் பதின்மூன்று ஓடிவிட்டது. கொலைகாரன் கண்ணாடி முன் நின்று முகத்துணியை அவிழ்க்கிறான்: குடும்ப டாக்டர். அடுத்த ரீலில் அந்தப் பெண் அவனுக்கே சிரித்தபடி காபி கொடுக்கிறாள். எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள், "குடுக்காதேடி, போயிடுடி" என்று கெஞ்சினாள். அப்படி நான் எந்தப் படத்துக்கும் பயந்ததில்லை.

மறுநாள் அதை அவரிடம் சொன்னேன். "பாய், தப்பா ஓட்டினதுதான் நல்லா இருந்துச்சு."

அவர் முகம் கறுத்தது. "ஏன் தம்பி, படம் எடுத்தவன் முட்டாளா? அவன் ஒளிச்சு வெச்சத நான் தெறந்து காட்டிட்டேன். நல்லா இருந்துச்சுன்றியே."

அதற்குப் பிறகு இந்த ஆறு வருஷமும் அது அவரை விடவில்லை. படம் திரும்ப வந்தால் நான் சரியான வரிசையில் பார்த்து, பயம் வந்ததா என்று சொல்ல வேண்டும் என்பார்.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சே பாய், எனக்கு எப்படி பயம் வரும்?"

"அதனாலதான் உன்ன கேக்கறேன். தெரிஞ்ச உனக்கே பயம் வந்துச்சுன்னா, நான் அந்தப் படத்த கெடுக்கலன்னு அர்த்தம். இல்லன்னா கெடுத்துட்டேன். மழுப்பாம சொல்லணும்."

படம் நேற்று வந்தது. டீக்கடையில் என் சட்டைக் கையைப் பிடித்து, "நாளைக்கு ஃபஸ்ட் ஷோ. பேர் போடறதுக்கு முன்னாடி வந்துடு" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். காட்சி ரத்து என்று பலகை வைத்திருந்தார்கள். காலை பஸ்ஸில் படம் அடுத்த ஊருக்குப் போகிறது. இருசப்பன் ஆபரேட்டர் அறையைத் திறந்துவிட்டான். டப்பாக்கள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு ரீலையும் வெளிச்சத்தில் சரிபார்த்து, மூடி மேல் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எண் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்பது மூடிகளில் எழுதியிருந்தது. மீதி ஐந்தில் எழுதவில்லை.